முப்பதுக்கு மேல் நர்சிங் சேர நினைக்கிறீர்களா?

நர்சிங் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். அட்மிஷன் சமயத்தில், பிள்ளைகளுக்காக இல்லாமல் தங்களுக்காகவே விசாரிக்கும் பெண்கள் இப்போது நிறையப் பேர். கணவரை இழந்தவர், வேலை போனவர், படுக்கையில் கிடந்த மாமியாரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவர். தயங்கித் தயங்கித்தான் கேட்பார்கள்: "மேடம், எனக்கு முப்பத்திரண்டு முடியுது. இனிமே சேர்த்துப்பாங்களா?"

சேர்த்துக்கொள்வார்கள். இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி ஜிஎன்எம் என்ற மூன்று வருட நர்சிங் டிப்ளமோ, பி.எஸ்சி. நர்சிங் இரண்டுக்குமே 35 வயது வரை இடமுண்டு. பி.எஸ்சி.க்கு பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். ஜிஎன்எம்முக்கு எந்தப் பிரிவானாலும் ஆங்கிலத்தோடு 40 சதவீதம் இருந்தால் கவுன்சில் ஏற்கிறது. அரசு இடங்களுக்குத் தனி நிபந்தனைகள் இருக்கலாம். அந்த ஆண்டின் விளக்கக் குறிப்பேட்டைப் பார்த்துவிடுங்கள்.

என் கவலை வேறு. "ஒரே வருடத்தில் நர்சிங் டிப்ளமோ, உடனடி வேலை" என்று பஸ் ஸ்டாண்ட் சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டியிருக்கிறார்களே, அதில் போய் விழுபவர்கள் பெரும்பாலும் இந்த வயதுக்காரர்கள்தான். மூன்று வருடம் படிக்க வீட்டில் விடமாட்டார்கள், ஒரு வருடம் என்றால் சமாளிக்கலாம் என்று நகையை அடகு வைத்துச் சேர்ந்துவிடுகிறார்கள். அந்தச் சான்றிதழை வைத்துத் தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் தாதியர் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாது. பதிவு இல்லாவிட்டால் அரசு நர்ஸ் பணிக்கும் விண்ணப்பிக்க முடியாது, வெளிநாட்டுக்கும் போக முடியாது. அப்படி ஒருவர் சான்றிதழோடு என் முன்னால் வந்து உட்கார்ந்தபோது அவருக்கு 35 தாண்டியிருந்தது. கட்டிய பணத்தைக்கூட எப்படியாவது சம்பாதித்துவிடலாம், போன வருடத்தை யார் தருவது? பணம் கட்டும் முன் அந்தக் கல்லூரியின் பெயர் இந்திய நர்சிங் கவுன்சில் இணையதளத்திலோ மாநில கவுன்சிலின் பட்டியலிலோ இருக்கிறதா என்று நீங்களே தேடிப் பாருங்கள். அஞ்சல் வழியில் ஜிஎன்எம் என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அப்படி ஒரு படிப்பே கிடையாது.

சேர்ந்த பிறகு இவர்களை மிரட்டுவது ஆங்கிலமும் கணக்கும். ஐவி டிரிப் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 500 மில்லி சலைனை 8 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். சாதாரண டிரிப் குழாய் செட்டில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு. ஆக மொத்தம் 10,000 சொட்டு. அதை 480 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 21. வகுப்பில் திணறுகிறவர்களிடம் வாட்ச்சைக் கையில் கொடுத்துக் கட்டிலருகே நிறுத்தினால் இரண்டே நாளில் பிடித்துக்கொள்கிறார்கள். படுத்த படுக்கையான நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்து, இடுப்பெலும்புப் பக்கம் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பதை இவர்களுக்கு நான் சொல்லித்தரவே வேண்டியதில்லை. பதினெட்டு வயதுப் பிள்ளைகள் "அக்கா, நீங்க காட்டுங்க" என்று இவர்களிடம்தான் போய் நிற்கிறார்கள்.

வருகைப் பதிவில் மட்டும் சலுகை எதிர்பார்க்காதீர்கள். 80 சதவீதம் இல்லாமல் தேர்வு எழுத முடியாது. வார்டு பயிற்சியில் விட்ட நாட்களை ஈடுகட்டி 100 சதவீதம் ஆக்கினால்தான் சான்றிதழ் கையில் வரும். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யார் பார்த்துக்கொள்வார்கள், நைட் டியூட்டி அன்று வீட்டில் யார் இருப்பார்கள் என்பதைச் சேரும் முன்பே வீட்டாரோடு உட்கார்ந்து பேசி முடித்துவிடுங்கள். நாற்பதை நெருங்கும்போது ஆம்பூல், அதாவது ஊசி மருந்துக் குப்பி, மேலிருக்கும் பொடி எழுத்து மங்கும். கூச்சப்படாமல் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், மருந்து மாறினால் போவது ஓர் உயிர்.

35 தாண்டியவர்களிடம் பொய் நம்பிக்கை சொல்ல எனக்கு மனமில்லை. உங்களுக்கு நர்ஸ் பதிவுக்கான வழி இல்லை. ஆனால் நோயாளிகளோடு இருக்கும் வேலை இருக்கிறது: வீட்டுப் பராமரிப்பு உதவியாளர், ஆஸ்பத்திரி உதவியாளர். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பவர்கள் சுயஉதவிக் குழுப் பெண்கள்தான். உதவியாளர் பயிற்சி என்று தெளிவாகச் சொல்லித் தரும் இடத்தில் சேருங்கள். வேலைக்குப் போன இடத்தில் "நீயே ஊசி போட்டுவிடு" என்றால் மறுத்துவிடுங்கள். ஏதாவது ஆனால் பதிவு எண் இல்லாத உங்கள் தலையில்தான் விழும்.