கிளிம்ஃபாட்டிக்: தமிழில் எப்படிச் சொல்வது?

மூளை எம்.ஆர்.ஐ. ஆய்வுகளைப் பற்றிய செய்திகளில் 'கிளிம்ஃபாட்டிக்' என்ற சொல் இப்போது அடிக்கடி தட்டுப்படுகிறது. மூளை தன் கழிவுகளை வெளியேற்றும் வழிக்கு வைத்த பெயர் இது. பழைய கிரேக்கச் சொல் போல ஒலித்தாலும் வயது குறைவுதான். அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் மைக்கன் நெடர்கார்டு, ஜெஃப்ரி இலிஃப் முதலியோர் 2012இல் உருவாக்கினார்கள். 'கிளியா', 'லிம்ஃபாட்டிக்' என்ற இரண்டு சொற்களை ஒட்டவைத்துச் சுருக்கியது இது.

கிளியா என்றால் கிரேக்கத்தில் பசை. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ஷோ, நரம்பணுக்களுக்கு இடையே இருந்ததை அவற்றை ஒட்டிப்பிடிக்கும் பசை என்று எண்ணி 'நியூரோகிளியா' என்றார். பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் அந்த அணுக்கள் செய்யும் வேலை மிகப் பெரியது. அவற்றில் ஒருவகை விண்மீன் வடிவில் இருக்கும். அதன் பாதங்கள் மூளையின் இரத்தக் குழாய்களைச் சுற்றிப் பற்றிக்கொண்டிருக்கும். அந்தப் பாதங்களில் அக்குவாபோரின்-4 என்ற புரதம் நீர் போக வழிவிடும் துளைகளாக அமைந்திருக்கிறது. மூளைத் தண்டுவட நீர், தமனிகளை ஒட்டிய இடுக்கு வழியே உள்ளே வந்து, திசுவுக்குள் இருக்கும் நீரோடு கலந்து, அமைலாய்டு பீட்டா என்ற புரதம் போன்ற கழிவுகளை அள்ளிக்கொண்டு சிரைகளை ஒட்டி வெளியேறுகிறது என்பதே 2012இல் அவர்கள் முன்வைத்த கருத்து. அக்குவாபோரின்-4 இல்லாத எலிகளில் இந்தப் போக்குவரத்து மந்தமானது. ஆகவே 'கிளியா' அந்தப் பெயரில் காரணத்தோடுதான் நிற்கிறது.

லிம்ஃபா என்பது லத்தீன். தெளிந்த நீர் என்று பொருள். தமிழில் இதை நிணநீர் என்கிறோம். நிணம் சங்கப் பாடல்களிலேயே உள்ள சொல். ஊனின் கொழுப்பைக் குறிக்கும். குடலிலிருந்து வரும் நிணநீர் உணவின் கொழுப்பைச் சுமந்து பால் போல வெளுத்திருக்கும். அங்கே இந்தப் பெயர் அழகாகப் பொருந்துகிறது. மூளைத் தண்டுவட நீரோ பளிங்கு போலத் தெளிவானது. அதற்கு லத்தீன் பொருள்தான் நெருக்கம். இருந்தாலும் பள்ளிப் பாடநூல் வரை ஊன்றிவிட்ட நிணநீரை இனி மாற்ற வேண்டியதில்லை.

சரி, முழுச் சொல்லுக்கு என்ன செய்வது? 'மூளை நிணநீர் மண்டலம்' என்று எழுதினால் குழப்பம் வரும். மூளையைப் போர்த்தியிருக்கும் சவ்வில் உண்மையான நிணநீர்க் குழாய்களே இருப்பதை 2015இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் எலிகளில் காட்டின; 2017இல் அவற்றை மனிதர்களிடமும் எம்.ஆர்.ஐ. மூலம் பார்த்துவிட்டார்கள். அந்தப் பெயரை அவற்றுக்கே விட்டுவைக்க வேண்டும். 'மூளைக் கழிவகற்று மண்டலம்' எளிமையானது, ஆனால் விவாதத்தில் இருப்பதை முடிந்த முடிவாகச் சொல்லிவிடுகிறது. எலிகள் தூங்கும்போது கழிவு வேகமாக வெளியேறுகிறது என்றது 2013ஆம் ஆண்டு ஆய்வு. 2024இல் வந்த இன்னோர் எலி ஆய்வு அதற்கு நேர்மாறாகச் சொன்னது.

என் தேர்வு 'பசைய நிணநீர் மண்டலம்'. மூலச் சொல்லின் இரண்டு பாதியும் இதில் இருக்கின்றன. பசை என்பது விர்ஷோவின் பிழையான எண்ணம்தான்; அந்த வரலாறும் சொல்லோடு கூட வரட்டும். முதல்முறை வரும்போது மட்டும் 'மூளைக் கழிவை அகற்றுவதாகக் கருதப்படும் நீர்வழி' என்று விளக்கம் சேர்த்துக்கொள்ளலாம்.

எம்.ஆர்.ஐ., அதாவது காந்த ஒத்ததிர்வுப் படிமமாக்கம், இந்த ஆய்வுக்குப் பொருத்தமாக அமைந்ததற்குக் காரணம் உண்டு. அது பெரும்பாலும் நீரில் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களின் சமிக்ஞையைக் கேட்கும் கருவி. இன்னொரு பொருத்தமும் எனக்குப் பிடிக்கும்: 2003இல் மருத்துவ நோபல் எம்.ஆர்.ஐ.க்காக லாட்டர்பர், மான்ஸ்ஃபீல்டு இருவருக்கும் கிடைத்தது. அதே ஆண்டு வேதியியல் நோபலின் ஒரு பாதி அக்குவாபோரின்களைக் கண்டறிந்த பீட்டர் ஆக்ரிக்கு.

மனித மூளையில் இதைப் பார்க்க ஓஸ்லோ ஆய்வாளர்கள், கடோலினியம் என்ற உலோகம் கலந்த, படத்தில் தனித்துத் தெரியும் மாறுபாட்டு மருந்தை இடுப்பருகே முதுகுத்தண்டு நீரில் செலுத்தினார்கள். அது மேலேறி மூளைக்குள் ஊடுருவுவதையும் பிறகு மங்குவதையும் ஒரு நாளுக்கும் மேலாகப் பலமுறை படமெடுத்தார்கள். மிகத் தெளிவான வழி, ஆனால் ஊசி தேவை. ஊசியே இல்லாத வழியை 2017இல் ஜப்பானில் தவோகா குழுவினர் தந்தார்கள். பக்கவாட்டு மூளை அறைகளை ஒட்டிய ஓரிடத்தில், குழாய்களை ஒட்டிய திசையில் நீர்மூலக்கூறுகள் எவ்வளவு எளிதாகப் பரவுகின்றன என்று அளக்கும் முறை அது. அதன் பெயர் ஆல்ப்ஸ் (ALPS) குறியீடு; 'குழாயோர இடுக்கை ஒட்டிய பகுப்பாய்வு' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம்.

இங்கேதான் மொழிபெயர்ப்பில் சறுக்குகிறோம். ஆல்ப்ஸ் குறியீட்டைக் 'கழிவகற்றும் திறன்' என்று எழுதுவது தவறு. அது அளப்பது ஓரிடத்தில் நீர் பரவும் விகிதத்தை. அங்குள்ள நரம்பிழைகள் ஓடும் திசையும் அந்த எண்ணை மாற்றும். அப்புறம், கழிவு வெளியேறியதா என்பதை அந்தப் படம் பார்ப்பதே இல்லை. 'குழாயோரப் பரவல் குறியீடு' என்று எழுதினால் அளந்தது எதுவோ அதை மட்டும் சொன்னதாகும்.