உறையில் இருக்கும் 4.7 ஜிபியும் உங்கள் காணொளியும்

இந்த வாரமும் ஒருவர் ஒரு கட்டு டிவிடி வட்டுகளைப் பாழாக்கிவிட்டு வந்து நின்றார். "உறையில் 4.7 ஜிபி என்று போட்டிருக்கிறது, என் காணொளி 4.5தான், வட்டு போலி" என்று ஒரே கோபம். வட்டின் மேல் எந்தக் குற்றமும் இல்லை ஐயா, கணக்குதான் வேறு.

வட்டு தயாரிப்பவர்களுக்கு நூறு கோடி பைட் ஒரு ஜிபி. விண்டோஸுக்கோ 107,37,41,824 பைட் ஒரு ஜிபி. அதனால் உறையில் 4.7 என்றிருக்கும் டிவிடியில், விண்டோஸ் கணக்குப்படி ஏறக்குறைய 4.38தான் கொள்ளும். நீங்கள் பார்த்த அந்த 4.5, வட்டுக் கணக்கில் 4.83! எப்படி இறங்கும்? மேக் கணினி நூறு கோடிக் கணக்கிலேயே காட்டுவதால் ஒரே கோப்பு இரண்டு இடங்களில் இரண்டு அளவாகத் தெரியும், உடனே "கோப்பு கெட்டுவிட்டதா?" என்று அடுத்த கேள்வி வரும். இல்லை. கோப்பின் பண்புகளைத் திறந்து பைட் எண்ணிக்கையைப் படியுங்கள். 470 கோடியைத் தாண்டினால் சாதாரண டிவிடியை மறந்துவிடுங்கள். இரட்டை அடுக்கு டிவிடிக்கு எல்லை சுமார் 850 கோடி, ஒற்றை அடுக்கு ப்ளூரேவுக்கு 2,500 கோடி. எல்லையை ஒட்டி நிரப்பாமல் கொஞ்சம் இடம் விடுங்கள்; பிழைகள் பெரும்பாலும் வெளி விளிம்பில்தான் எழும்.

இன்னொன்று: ஒரே கோப்பு 4 ஜிபிக்கு மேல் இருந்தால், பதியும்போது மென்பொருளில் யுடிஎஃப் (UDF) என்ற கோப்பு அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். இதைச் செய்யாமல் வட்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பயனில்லை.

இரட்டை அடுக்கு டிவிடியை நான் மனமுவந்து பரிந்துரைப்பதில்லை. இரண்டாம் அடுக்குக்குத் தாவும் இடத்தில்தான் படம் திணறும். பழைய பிளேயர்கள் சில அங்கேயே நின்றுவிடும். ப்ளூரே ரைட்டர் இருந்தால் நேரே ப்ளூரேவுக்குப் போய்விடுங்கள். இருந்தால் மட்டும்! டிவிடி ரைட்டரின் சிவப்பு லேசரால் ப்ளூரே வட்டில் ஒன்றும் எழுத முடியாது. வாங்கும்போது எல்டிஎச் (LTH) என்று அச்சிட்ட மலிவு வகையைத் தவிருங்கள். அதில் இருப்பது வெளிச்சத்துக்கு எளிதில் கெடும் கரிமச் சாயம். பெயரை மட்டும் பார்த்தும் ஏமாறாதீர்கள், ஒரே பெயரில் வெவ்வேறு ஆலைகளின் வட்டுகள் வருவதுண்டு. முதலில் ஒன்றிரண்டைப் பதிந்து பார்த்துவிட்டு மொத்தமாக வாங்குங்கள்.

பதியும் வேகத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தால் தரம் கூடும் என்பதும் கட்டுக்கதை. 16 மடங்கு வேகம் (16x) என்று போட்ட வட்டுக்கு 8 மடங்கு போதும். வட்டின் மேல் காகித லேபிள் ஒட்டவே ஒட்டாதீர்கள், சுழலும்போது சமநிலை கெட்டு ஆடும்.

பதிந்து முடித்ததும் சரிபார்ப்பை ஓடவிடுங்கள். "முடிந்தது" என்று திரையில் வந்தவுடன் மூலக் கோப்பை அழித்துவிட்டு என்னிடம் வருபவர்களுக்கு, பல நேரங்களில், என்னால் எதுவும் செய்ய முடிவதில்லை. தயவுசெய்து வேறொரு கணினியில் ஒருமுறை கடைசிவரை ஓட்டிப் பார்த்துவிட்டு மூலக் கோப்பை அழியுங்கள்.