பேட்டரிக்கு ஆஃப் ஸ்விட்ச் கிடையாது

கப்பல்களில் மின்பிரிவு வேலை எனக்கு. பேட்டரி அறைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் முதலில் மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றச் சொல்வேன். அப்புறம் 'சான் ஜுவான்' பற்றிச் சொல்வேன்.

அர்ஜென்டினா கடற்படையின் டீசல்-மின் நீர்மூழ்கி அது. ஜெர்மனியின் எம்டனில் கட்டப்பட்டு 1985-ல் பணிக்கு வந்தது. இடையில் உடலை இரண்டாக வெட்டிப் பெரிய பழுதுபார்ப்பும் நடந்தது. நீருக்கடியில் முழுக்க 960 ஈய-அமில செல்களை நம்பித்தான் ஓட்டம். சார்ஜ் குறைந்தால் மேலே வந்து, ஸ்நார்க்கெல் குழாயை நீட்டிக் காற்றை இழுத்து, டீசல் எஞ்சினை ஓட்ட வேண்டும். அலை மூடும்போது குழாய் வால்வு அடைத்துக்கொள்ள வேண்டும்.

2017 நவம்பர் 15. உஷுவாயாவிலிருந்து மார் டெல் பிளாட்டாவுக்குத் திரும்பும் வழி. காற்றோட்டக் குழாய் வழியாகக் கடல்நீர் புகுந்து, மூன்றாம் பேட்டரித் தொட்டியில் ஷார்ட் ஆகி, தீப்பிடிக்கத் தொடங்கியதாகக் கரைக்குச் செய்தி வந்தது. முன்பக்க பேட்டரிகள் பயன்பாட்டில் இல்லை, ஆட்களுக்கு ஒன்றுமில்லை என்றும் அதில் இருந்தது. சில மணி நேரத்தில், அணுகுண்டுச் சோதனைகளைக் கண்டுபிடிக்க வைத்திருந்த கடலடி ஒலிமானிகளில் ஒரு வெடிச்சத்தம் பதிவானது. கப்பலில் இருந்தவர்கள் 44 பேர். ஓராண்டு கழித்து 907 மீட்டர் ஆழத்தில் அது கிடைத்தது.

'பயன்பாட்டில் இல்லை' என்ற வார்த்தைதான் என்னை உறுத்தும். இணைப்பைத் துண்டிக்கும் பிரேக்கரைத் திறந்தால் சுற்றுதான் அறும், செல்லில் உள்ள மின்சாரம் அங்கேயே இருக்கும். செல் தலையில் உப்புநீர் நின்றால் முனைக்கு முனை கசிந்து சூடேறும். ஹைட்ரஜன் கிளம்பும், உப்பிலிருந்து குளோரினும் வரும். காற்றில் ஹைட்ரஜன் 4 சதவீதத்தைத் தாண்டினால் ஒரு பொறி போதும்.

ஒருமுறை ஒரு சரக்குக் கப்பலில், அவசரகால பேட்டரி அறைக்குள் காற்றோட்டக் குழாய் வழியே அலைநீர் இறங்கிவிட்டது. 'துடைத்தாயிற்று, காய்ந்துவிட்டது' என்று லாக் புத்தகத்தில் எழுதியிருந்தார்கள். இரண்டு நாள் கழித்து நான் போய்ப் பார்த்தபோது செல் மூடிகளுக்கு நடுவே வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. மீட்டரின் ஒரு முனையை டெர்மினலிலும் மறுமுனையைப் பிளாஸ்டிக் மூடியின் மேலும் வைத்தேன். பிளாஸ்டிக்கில் வோல்ட் காட்டக் கூடாது. காட்டியது!

சார்ஜரை நிறுத்தி, நன்னீரில் கழுவி, காயவைத்து, இன்சுலேஷன் அளவு சரியான பிறகே மறுபடி இணைத்தோம். நீர் புகுந்த காற்றோட்டக் குழாய் மூடியின் ரப்பர் வளையத்தை விரலால் அழுத்தினேன். பொடிப்பொடியாக உதிர்ந்தது.