அட்டையைப் பார்த்து ஆளை நீக்கினால்

போர் முடிந்து ஒரு கொடுங்கோல் ஆட்சி விழுந்ததும் முதலில் எழும் குரல், "பழைய ஆட்கள் ஒருத்தரையும் விடாதீர்கள், கூண்டோடு தூக்குங்கள்" என்பதுதான். அந்த ஆத்திரம் நியாயமானது. ஆனால் ஊழியர்கள் மீதான ஒழுங்கு நடவடிக்கை வழக்குகளையே பல காலமாக நடத்திவரும் வழக்கறிஞன் நான். எனக்கு உடனே எழும் கேள்வி, எதை வைத்து நீக்குவீர்கள் என்பது. ஒருவர் செய்ததை நிரூபிக்கச் சாட்சி வேண்டும், ஆவணம் வேண்டும், மாதக்கணக்கில் விசாரணை வேண்டும். கட்சியில் இருந்தார் என்று காட்ட ஓர் அட்டை போதும். அவசரத்தில் இருக்கும் புதிய நிர்வாகம் அட்டையைத்தான் பிடித்துக்கொள்ளும்.

ஜெர்மனியை எடுத்துக்கொள்ளுங்கள். 1945இல் நாஜிக் கட்சியில் சுமார் 80 லட்சம் உறுப்பினர்கள். அட்டைகளைக் கூழாக்குவதற்காக மியூனிக் அருகே ஒரு காகித ஆலைக்கு அனுப்பியிருந்தார்கள். ஆலை நிர்வாகி இழுத்தடித்ததால் அவை தப்பி அமெரிக்கர் கையில் சிக்கின. தோற்ற ஜெர்மனியை நேசநாடுகள் பகுதிகளாகப் பிரித்து ஆண்டன; அமெரிக்கப் பகுதியில், பழைய கட்சித் தொடர்புகளைக் கேட்டு 131 கேள்விகள் கொண்ட படிவம் வந்தது. 1946 மார்ச்சில் வந்த சட்டம், ஜெர்மானியர்களையே கொண்ட தீர்ப்பாயங்களை அமைத்து, முதன்மைக் குற்றவாளி முதல் குற்றமற்றவர் வரை ஐந்து வகையாக ஆட்களைப் பிரிக்கச் சொன்னது. பதிவுப் படிவம் கொடுத்தவர்கள் மட்டும் 1 கோடியே 30 லட்சத்துக்கும் மேல்.

கோட்டைவிட்டது வரிசையில்தான். விசாரணை முடியும்வரை பலருக்குக் கூலிவேலை தவிர வேறு வேலை கிடையாது. அதனால் குமாஸ்தா, ஆசிரியர் போன்ற சின்ன வழக்குகளை முதலில் முடித்தார்கள். பெரிய ஆட்களின் வழக்குகள் சிக்கலானவை, 'அப்புறம் பார்க்கலாம்' என்று ஒதுக்கப்பட்டன. 1948 வந்தபோது பனிப்போர் சூடுபிடித்திருந்தது; சீக்கிரம் முடித்துவிடுங்கள் என்றது அமெரிக்கா. சூடு ஆறிய பிறகு விசாரிக்கப்பட்ட பெரிய மீன்கள் பல, 'கூட்டத்தோடு போனவர்' என்ற நான்காம் வகையில் சின்ன அபராதத்தோடு தப்பின. என் தொழிலில் இதை நன்றாகவே பார்த்திருக்கிறேன்: வழக்கு எவ்வளவு தாமதமாகிறதோ அவ்வளவு லேசாகும் தண்டனை.

சான்றிதழ்கள் வேறு. 'இவர் உள்ளுக்குள் எதிர்ப்பாளர்தான்' என்று எழுதித்தரப் பாதிரியாரோ பழைய சகாவோ கிடைத்துவிடுவார். ஊரே இவற்றுக்கு ஒரு சலவைத்தூளின் பெயரை வைத்துச் சிரித்தது. அந்தப் படிவத்தில் சிக்காத ஆளும் உண்டு. ஹான்ஸ் குளோப்கே நாஜிக் கட்சி உறுப்பினரே அல்ல. ஆனால் யூதர்களின் குடியுரிமையைப் பறித்த நியூரம்பெர்க் சட்டங்களுக்கு அதிகாரபூர்வ விளக்கவுரை எழுதியவர்களில் ஒருவர். 1953 முதல் 1963 வரை மேற்கு ஜெர்மனியின் பிரதமர் அடினாவர் அலுவலகத்தின் வலதுகை அவர்தான்.

சரி, எல்லாரையும் நீக்கினால் வேலையை யார் பார்ப்பது? பிரிட்டிஷ் பகுதியில் நீதிமன்றங்களைத் திறக்க ஆள் போதவில்லை. கறைபடியாத ஒரு நீதிபதிக்கு ஈடாகப் பழைய கட்சிக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம் என்று விதி போட்டார்கள். 1951இல் மேற்கு ஜெர்மனி இயற்றிய சட்டம், நீக்கப்பட்ட அரசு ஊழியர்களில் பெரும்பாலோருக்கு மீண்டும் பணிக்கு வர வழிவிட்டது.

இராக்கில் அதே அட்டை, இன்னும் வேகமாக. 2003 மே 16 அன்று, இராக்கை நிர்வகிக்க அமெரிக்கா அனுப்பிய பால் பிரெமர் போட்ட முதல் உத்தரவு, சதாம் உசேனின் பாத் கட்சியின் மேல் நான்கு படிநிலையினரை அரசுப் பணியிலிருந்து நீக்கியது. அமைச்சகம், பல்கலைக்கழகம், மருத்துவமனை ஆகியவற்றின் மேல் மூன்று அடுக்குகளில் முழு உறுப்பினராக இருந்தாலே வேலை போயிற்று. பதவி உயர்வுக்காகச் சேர்ந்த ஆசிரியர்களும் வீட்டுக்குப் போனார்கள். ஒரே வாரத்தில் ராணுவமும் கலைக்கப்பட்டது. ஆயுதப் பயிற்சி பெற்றவர்கள் சம்பளமில்லாமல் தெருவில் நின்றார்கள், அவர்களில் பலர் பிறகு கிளர்ச்சிக் குழுக்களில் சேர்ந்தார்கள்.

உத்தரவில் விதிவிலக்குக்கு இடம் இருந்தது. அதை முடிவுசெய்யும் பொறுப்பு நீதிபதிகளிடம் போகாமல், அகமது சலாபி தலைமையிலான அரசியல்வாதிகள் குழுவிடம் போனது. களையெடுப்பு எப்போது முடியும் என்று யாரும் தேதி குறிக்கவுமில்லை. 2010 நாடாளுமன்றத் தேர்தலுக்கு முன் பாத் தொடர்பைக் காட்டி 500க்கும் மேற்பட்ட வேட்பாளர்கள் தடைசெய்யப்பட்டனர். தடையின் பின்னால் நின்ற சலாபியும் அதே தேர்தலில் ஒரு வேட்பாளர்.