குழந்தையின் கண் எங்கே திரும்புகிறது?

மன்னார்குடிப் பக்கம் ஓர் அங்கன்வாடியில் டிவி ஓடும்போது, திரையை விட்டுவிட்டு எதிரே உட்கார்ந்திருக்கும் நான்கு வயதுக் குழந்தையின் கண்ணைக் கவனியுங்கள். அமெரிக்காவின் 'செசமி ஸ்ட்ரீட்' என்ற குழந்தைகள் டிவி நிகழ்ச்சி ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக மாறி வந்ததில் அந்தக் கண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு.

1969 நவம்பர் 10-இல் ஒளிபரப்புத் தொடங்கும் முன்பே எட்வர்ட் பால்மர் என்ற ஆய்வாளர் ஒரு சோதனையை வகுத்திருந்தார். முன்னால் டிவி, பக்கவாட்டில் ஸ்லைடு ப்ரொஜெக்டர். 7.5 விநாடிக்கு ஒரு படம் மாறும். குழந்தை எந்த நொடியில் டிவியை விட்டு ஸ்லைடு பக்கம் திரும்புகிறது என்று ஒருவர் குறித்துக்கொண்டே வருவார். நிகழ்ச்சி எங்கே தொய்கிறது என்பது அதில் தெரிந்துவிடும்.

அந்த ஜூலையில் மாதிரி நிகழ்ச்சிகளைக் காட்டியபோது, பொம்மைகள் வந்தால் ஒட்டிக்கொண்ட கண்கள், நிகழ்ச்சியின் கதை நடக்கும் தெருக் காட்சியில் பெரியவர்கள் பேச ஆரம்பித்ததும் விலகின. கற்பனையும் நிஜமும் கலந்தால் பிள்ளைகள் குழம்புவார்கள் என்று உளவியல் நிபுணர்கள் சொன்னதால், பொம்மைகளைத் தெருவுக்குள் விடாமல் வைத்திருந்தார்கள். சோதனைக்குப் பிறகு அந்த யோசனையைக் கைவிட்டார்கள். 8 அடி உயரப் பறவை பிக் பேர்டும், குப்பைத் தொட்டியில் குடியிருக்கும் ஆஸ்கரும் அப்படித்தான் தெருவுக்கு வந்தார்கள்.

தொடக்கத்தில் நிகழ்ச்சி விளம்பரங்களைப் போலத் துண்டு துண்டாக இருந்தது. சின்னப் பிள்ளைகளால் நீண்ட நேரம் கவனிக்க முடியாது என்ற நம்பிக்கைதான் காரணம். 1981-இல் டேனியல் ஆண்டர்சன் குழுவினர் இதே நிகழ்ச்சியின் பகுதிகளை எடுத்து, பேச்சைத் தலைகீழாக ஓட்டியும், தெரியாத மொழியில் பேசவைத்தும் காட்டினார்கள். வண்ணமும் அசைவும் அப்படியே இருந்தும் குழந்தைகளின் கவனம் குறைந்தது. புரிகிறவரைதான் பார்க்கிறார்கள் என்பது இந்தத் துறையின் மிக முக்கியமான கண்டுபிடிப்பு என்றே சொல்லலாம். 1998-இல் இன்னும் சிறிய பிள்ளைகளுக்காக எல்மோ என்ற பொம்மையின் 15 நிமிடப் பகுதி சேர்ந்தது. 2002-இல் சிதறிக் கிடந்த தெருக் கதையை ஒரே தொடர்ச்சியாக்கினார்கள். 2016-இல் ஒரு மணி நேர நிகழ்ச்சி அரை மணியானது.

கண் மட்டும் போதாது என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 1992-இல் பெற்றோரின் விவாகரத்து பற்றி ஒரு நிகழ்ச்சியை முழுதாக எடுத்து, குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டிக் கேள்வி கேட்டார்கள். பிரிந்த அப்பா அம்மாவுக்கு இனிப் பிள்ளை மேல் பாசம் இருக்காது என்று பலர் புரிந்துகொண்டிருந்தார்கள். அது ஒளிபரப்பாகவே இல்லை.

டெல்டா மாவட்டங்களில் பிள்ளைகளுக்கு வீடியோ எடுப்பவர்கள் பால்மரின் சோதனையை, டிவிக்குப் பக்கத்தில் ஒரு லேப்டாப்பை வைத்தே செய்யலாம். ஆற்றுப் படித்துறை, நாற்று நடவு, வைக்கோல் போர், மாட்டுவண்டி என்று தெரிந்த படங்களை 7.5 விநாடிக்கு ஒன்றாக ஓடவிடுங்கள். திருவாரூர் ஆழித்தேர் படம் வேண்டாம். அது வந்தால் எந்த நிகழ்ச்சியும் தோற்கும், கணக்கு கெட்டுவிடும். ஒரு நேரத்தில் ஒரு குழந்தையை மட்டும் உட்காரவையுங்கள். கூட்டமாக இருந்தால் ஒன்று திரும்பியதும் மற்றதும் திரும்பும். முடிந்ததும் "புரிஞ்சுதா கண்ணு?" என்று கேட்டால் எல்லாக் குழந்தையும் தலையாட்டும். பாதியில் நிறுத்தி, "அப்புறம் என்ன ஆகும், சொல்லு" என்று கேளுங்கள்.