கொடுவா மேல் பிழிந்த எலுமிச்சை

வேலூர் காந்தி ரோட்டின் மாலை நெரிசலில், மருந்துச் சீட்டோடு அலைகிறவர்களையும் வங்காள மொழியில் பேரம் பேசுகிறவர்களையும் விலக்கிக்கொண்டு, அத்தையை ஒரு தாய்லாந்து உணவகத்துக்கு அழைத்துப் போனேன். அத்தைக்கு ஊர் காவேரிப்பாக்கம். ஏரி மீன் தின்று வளர்ந்தவர். கடல் மீன் என்றாலே கவுச்சி என்று முகம் சுளிப்பார். எங்கள் பக்கத்தில் அசைவத்துக்கே கவுச்சி என்றுதான் பெயர் என்பது வேறு கதை.

மேசைக்கு வந்தது ஆவியில் வெந்த முழு மீன். மேலே நறுக்கிய பூண்டு, மிளகாய், மீன் முக்கால்வாசி மூழ்கும் அளவுக்கு எலுமிச்சைச் சாறு. தாய்லாந்தில் இதை 'பிளா கபோங் நுங் மனாவ்' என்கிறார்கள். பெயர்தான் புதிது, மீன் நம் கொடுவா. ஆணாக வளர்ந்து, பெரிதானபின் பெண்ணாக மாறும் விசித்திரப் பிறவி.

"கவுச்சியே இல்லையே, எதைப் போட்டுக் கழுவினார்களோ?" என்றார் அத்தை.

கழுவியதில் இல்லை விஷயம். கடல்நீரின் உப்பு, மீனின் உடலிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதைச் சமாளிக்கக் கடல் மீன்கள் தசையில் டிரைமெத்தில் அமீன் ஆக்சைடு என்ற பொருளைச் சேர்த்து வைக்கின்றன. சுறாவில் இது மிக அதிகம். இதற்கு வாசனை கிடையாது. மீன் செத்தபின் பாக்டீரியாக்கள் இதிலிருக்கும் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ள, மிஞ்சுவது டிரைமெத்தில் அமீன். கவுச்சி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இதுதான். சென்னையிலிருந்து வேலூருக்கு ஏறக்குறைய 140 கிலோமீட்டர். ஐஸ் பெட்டி பாக்டீரியாவின் வேகத்தைக் குறைக்கும், அடியோடு நிறுத்தாது.

இந்த அமீன் காற்றில் பறந்து மூக்கைத் தொட்டால்தான் நாற்றம். எலுமிச்சையின் சிட்ரிக் அமிலம் அதன்மேல் ஒரு ஹைட்ரஜன் அயனியை ஏற்றிவிடுகிறது. மின்னேற்றம் பெற்ற மூலக்கூறு தண்ணீரோடு ஒட்டிக்கொள்ளும், பறக்காது. தட்டிலேயே இருக்கிறது, ஆனால் நமக்குத் தெரிவதில்லை. கணக்கும் எளிது: அமிலத்தன்மை கூடக் கூடக் குறைவது பி.எச். எண். அது ஒன்று குறைந்தால், பறக்கக்கூடிய அமீன் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். மீன் சதையின் பி.எச். 6.5-ஐ ஒட்டியது, எலுமிச்சைச் சாறு 2-க்குச் சற்று மேல். இரண்டும் கலந்து 4.5-இல் நின்றாலே நாற்றத்துக்கு மிஞ்சுவது நூறில் ஒரு பங்கு.

அத்தையின் ஏரி மீனுக்கு இந்தத் தொல்லை குறைவு. நன்னீரில் வாழும் மீனுக்கு அந்த ஆக்சைடு பெரிதாகத் தேவையில்லை. அதற்கு வேறொரு வில்லன் உண்டு: சேற்று வாடை. ஏரியின் நீலப்பச்சைப் பாசியும் சில பாக்டீரியாக்களும் ஜியோஸ்மின் என்ற பொருளை உண்டாக்குகின்றன. முதல் மழையில் எழும் மண்வாசனையும் இதுவேதான். மழையில் மயங்குகிறோம், கெண்டையில் மூக்கைப் பிடிக்கிறோம்! லட்சம் கோடியில் சில பங்கு நீரில் கலந்திருந்தாலும் நம் மூக்கு கண்டுபிடித்துவிடும். ஜியோஸ்மின் அமீன் வகையல்ல. அமிலம் அதைக் கட்டிப்போடுவதில்லை, மெல்லச் சிதைக்கிறது. அதற்கு நேரம் வேண்டும். அத்தை மீனை உப்பு, மஞ்சள், புளிக்கரைசலில் ஊறப்போட்டுவிட்டு வெற்றிலை போடப் போவது சோம்பல் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

புளியின் டார்டாரிக் அமிலம் கொதிக்கும் குழம்பிலும் அப்படியே நிற்கும், அதனால் நாம் அதை முதலிலேயே ஊற்றுகிறோம். எலுமிச்சையிலும் அமிலம் கொதித்தால் போய்விடாது. போவது அதன் மணம். அதனால் தாய்லாந்துச் சமையல்காரர் மீன் வெந்து இறங்கியபிறகே சாற்றை ஊற்றுகிறார்.

சாப்பிட்டு முடித்ததும் அத்தை கைகழுவும் இடத்தில் சோப்புக்கட்டியை எடுத்தார். தேய்த்த அடுத்த நொடி, அதுவரை காணாமல் போயிருந்த கவுச்சி குப்பென்று எழுந்தது. சோப்பு காரம்; பி.எச். 9-க்கு மேல். ஏறிய ஹைட்ரஜன் இறங்கிவிட, அமீன் மறுபடியும் பறக்கத் தொடங்கியது. மேசைக்குத் திரும்பி, தட்டோரம் கிடந்த எலுமிச்சைத் துண்டை எடுத்துக்கொண்டு போய் அவரிடம் கொடுத்தேன்.