கேபிளில் வராத தாளம்

"வீட்டில் அப்பா காலத்து ஆம்ப்ளிஃபயரும் இரண்டு பெரிய ஸ்பீக்கர்களும் இருக்கின்றன. போனிலிருந்து ப்ளூடூத்தில் பாட்டுப் போட்டால் ஏதோ குறைகிறது. ஸ்ட்ரீமர் வாங்கலாமா? விசேஷமான நெட்வொர்க் கேபிள் போட்டால் தாளம் துல்லியமாகும் என்கிறார்களே, உண்மையா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். முதல் கேள்விக்குப் பதில் சுலபம். இரண்டாவது கேள்வியைத்தான் நான் வெகுநாளாக எதிர்பார்த்துக் கொண்டிருந்தேன்.

ஸ்ட்ரீமர் தாராளமாக வாங்கலாம். பழைய ஆம்ப்ளிஃபயரை மாற்ற வேண்டியதே இல்லை. ஸ்ட்ரீமர் என்பது ஒரு சின்னக் கணினி. ஒரு பக்கம் வைஃபையோ நெட்வொர்க் கேபிளோ உள்ளே வரும். மறுபக்கம் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு ஆர்சிஏ சாக்கெட்டுகள் இருக்கும். அவற்றிலிருந்து ஒரு ஜோடி வயரை ஆம்ப்ளிஃபயரின் முதுகில் 'ஆக்ஸ்' அல்லது 'சிடி' என்று எழுதியிருக்கும் இடத்தில் செருகினால் வேலை முடிந்தது. 'ஃபோனோ' என்று எழுதியிருப்பதில் மட்டும் செருகாதீர்கள். அது இசைத்தட்டு ஊசி தரும் சில மில்லிவோல்ட் சமிக்ஞைக்கானது. உள்ளே வருவதை நூறு மடங்கு வரை பெருக்கி, கீழ் ஒலிகளை இன்னும் தூக்கிவிடும். ஸ்ட்ரீமர் தருவதோ 2 வோல்ட் அளவில் இருக்கும். சத்தம் உடைந்து கரகரக்கும், ஸ்பீக்கருக்கும் ஆபத்து. புதுப்பெட்டி வேண்டாம், கையில் ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினி சும்மா கிடக்கிறது என்றால், அதன் மேல் ஒரு டேக் பலகையை, அதாவது எண்களை ஒலிக்கான மின்னழுத்தமாக மாற்றும் பலகையை, பொருத்தி மூட் ஆடியோ மாதிரி ஓர் இலவச மென்பொருளை ஏற்றுங்கள். அதுவும் முழுமையான ஸ்ட்ரீமர்தான்.

ப்ளூடூத்தில் குறைவது உங்கள் பிரமை இல்லை. சுருக்கி வந்த பாட்டைப் போன் முதலில் விரிக்கிறது, பிறகு ப்ளூடூத்துக்காக மறுபடி சுருக்குகிறது. எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எஸ்பிசி முறையில் வழக்கமான உச்சமே நொடிக்கு 328 கிலோபிட் அளவுதான். குறுந்தகட்டின் தரம் 1,411 கிலோபிட். ஸ்ட்ரீமரில் ஸ்பாட்டிஃபை கனெக்ட் போன்ற வழியில் கேட்டால் போன் வெறும் ரிமோட்டாகிவிடும். பாட்டை ஸ்ட்ரீமரே நேராக இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். நடுவில் அழைப்பு வந்தாலும் பாட்டு நிற்காது. ஃபிளாக் போன்ற இழப்பில்லாத வடிவத்தைத் தரும் சேவையாக இருந்தால் இன்னும் நல்லது. சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்து எடுப்பது போலத்தான் அது. பிரித்துப் பார்த்தால் ஒரு நூல்கூடக் குறைந்திருக்காது.

சரி, கேபிளுக்கு வருவோம்.

என் ஸ்ட்ரீமரை இணைத்த அன்றே ஒரு சோதனை செய்தேன். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே ரவுட்டரிலிருந்து வரும் கேபிளைப் பிடுங்கினேன். ஒன்றும் ஆகவில்லை. பாடுபவர் சரணத்தை நிதானமாக முடித்தார், வயலின் ஒரு சுற்றுப் போனது, மிருதங்கம் ஓர் எண்ணிக்கைகூடப் பிசகவில்லை. கேபிளின் நுனி என் கையில் தொங்கிக்கொண்டிருந்தது. பல்லவிக்குத் திரும்பி வந்து பாதி வரி பாடிய பிறகுதான் பாட்டு நின்றது. 40 நொடிக்கு மேல் ஆகியிருந்தது.

'ஸ்ட்ரீம்' என்ற பெயரைக் கேட்டால் ஓடை மாதிரி ஒலி சீராக ஓடி வருகிறது என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் பாட்டு எண்களாக மாறி, பொட்டலம் பொட்டலமாக, வாரி இறைத்தாற்போல் வருகிறது. குறுந்தகட்டுத் தரத்தில் ஒரு நொடிப் பாட்டு என்பது 1,76,400 பைட். நொடிக்கு 100 மெகாபிட் கடத்தும் சாதாரணக் கேபிள் இதைக் கடத்த 14 மில்லிநொடி போதும். மீதி 986 மில்லிநொடி நம் பாட்டைப் பொறுத்தவரை கேபிள் காலியாகக் கிடக்கிறது. வந்த எண்கள் ஸ்ட்ரீமரின் நினைவகத்தில், பஃபர் என்ற தொட்டியில், சேர்கின்றன. வழியில் ஒரு பொட்டலம் கெட்டால் சரிபார்ப்புக் கூட்டலில் அது தெரிந்துவிடும். ஸ்ட்ரீமர் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு அதையே மறுபடி அனுப்பச் சொல்லும். தொட்டி நிரம்பினால் "போதும், நிறுத்து" என்று அனுப்புகிறவருக்குச் செய்தி போகும். கொஞ்சம் காலியானதும் "இப்போது அனுப்பு" என்று இன்னொரு செய்தி. கேபிளைப் பிடுங்கிய பிறகு நான் கேட்டது அந்தத் தொட்டியில் மிச்சமிருந்த 40 நொடியை.

அப்படியானால் பாட்டின் காலப்பிரமாணம் எங்கிருந்து வருகிறது? எண்களில் நேரம் இல்லை. அடுத்தடுத்து நிற்கும் ஒரு வரிசைதான் இருக்கிறது. "இந்த எண்ணை இந்தக் கணத்தில் ஒலியாக்கு" என்று யாரோ சொல்ல வேண்டும். ஒரு காதுக்கு நொடிக்கு 44,100 முறை, ஒன்றுகூடத் தள்ளிப்போகாமல் சொல்ல வேண்டும். அந்த வேலையைச் செய்வது ஒரு துண்டுக் கல்!

மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு ஸ்ட்ரீமரின் மூடியைத் திறந்தால், டேக் சில்லுக்குப் பக்கத்தில் பெரும்பாலும் ஓர் அரிசியைவிடச் சற்றுப் பெரிய உலோக டப்பா இருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் மேலே 22.5792 என்று பொறித்திருப்பதைப் பல கருவிகளில் காணலாம். உள்ளே இருப்பது குவார்ட்ஸ் படிகத்தின் ஒரு சீவல், தடிமன் ஏறக்குறைய ஒரு தலைமயிரளவு. அதன் இரு முகங்களிலும் மின்னழுத்தம் கொடுத்தால் கொஞ்சம் நெளியும். நெளிந்தால் தானே மின்னழுத்தம் தரும். இந்த இரண்டையும் ஒன்றுக்கொன்று கோர்த்துவிட்டால் சீவல் தன் இயல்பான வேகத்தில் அதிர ஆரம்பிக்கும். அந்த வேகத்தைத் தீர்மானிப்பது அதை வெட்டிய கோணமும் தடிமனும். நொடிக்கு 2,25,79,200 அதிர்வுகள், அதாவது டப்பாவின் மேல் பொறித்த 22.5792 மெகாஹெர்ட்ஸ்.

இதை 512 ஆல் வகுத்துப் பாருங்கள். சரியாக 44,100 வரும். 512 என்பது இரண்டை ஒன்பது முறை பெருக்கியது. ஆகவே பாதியாக்கு, மறுபடி பாதியாக்கு என்று ஒன்பது முறை செய்யும் எளிய மின்சுற்று போதும். கல் 512 முறை அதிர்ந்ததும், தொட்டியிலிருந்து ஒரு எண் வெளியே வந்து மின்னழுத்தமாகிறது. மறுபடி 512, அடுத்த எண். பல கருவிகளில் பக்கத்திலேயே 24.576 என்று எழுதிய இரண்டாவது டப்பா ஒன்றும் இருக்கும். அது நொடிக்கு 48,000 எண்களாகப் பதிவான ஒலிக்கு. அதையும் 512 ஆல் வகுத்துப் பாருங்கள். முதன்முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. எழுந்துபோய் அந்தப் பெட்டியை ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். மிருதங்கக்காரர் எங்கோ, என்றோ வாசித்த தாளத்தை இந்தச் சீவல் என் வீட்டு அலமாரியில் மறுபடி எண்ணிக்கொண்டிருந்தது.

அழுத்தினால் மின்சாரம் தரும் இந்தக் குணத்தை 1880இல் பாரிசில் பியேர் கியூரியும் அண்ணன் ஜாக்குவும் குவார்ட்சிலும் இன்னும் சில படிகங்களிலும் கண்டார்கள். மின்னழுத்தம் கொடுத்தால் கல் நெளிய வேண்டும் என்பதை மறுவருடமே இயற்பியலாளர் லிப்மன் வெப்ப இயக்கவியலை வைத்துக் காகிதத்தில் சொன்னார். சகோதரர்கள் அதையும் சோதித்து உறுதிசெய்தார்கள். அதை வைத்து ஒழுங்கான குவார்ட்ஸ் கடிகாரம் செய்ய 1927 ஆயிற்று. நடுவில் 47 வருடம். இதனால் என்ன பயன், எத்தனை ஆண்டில் பலன் தெரியும் என்று விண்ணப்பப் படிவத்தின் முதல் பக்கத்திலேயே கேட்டிருந்தால் அந்த இளைஞர்கள் எதை எழுதியிருக்க முடியும்? ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் உடனடிப் பயன் சொல்லத் தெரியாத கேள்விகளுக்கும் ஒரு பங்கை எடுத்து வைக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

கல்லும் பிசகும். பத்து லட்சத்தில் 50 பங்கு பிசகினால் ஒரு மணி நேரத்துக்கு 0.18 நொடி. தனியாகக் கேட்டால் எந்தக் காதுக்கும் தெரியாது. ஆனால் இரண்டு அறைகளில் இரண்டு ஸ்ட்ரீமர்கள் தனித்தனியாக எண்ணிக்கொண்டே போனால் மணி நேரத்தில் எதிரொலி மாதிரி கேட்க ஆரம்பிக்கும். அதனால் பல அறைகளுக்கான அமைப்புகளில் ஒரு பெட்டி மூப்பனாக இருக்கும், மற்றவை அவ்வப்போது அதைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும். கணினியிலிருந்து யுஎஸ்பி வழியே தனி டேக்குக்கு அனுப்பும்போதும் இதே பிரச்சினைதான். இப்போதைய டேக்குகள் பெரும்பாலும் தங்கள் கல்லை வைத்தே எண்ணிக்கொண்டு, "கொஞ்சம் கூட்டி அனுப்பு, கொஞ்சம் குறைத்து அனுப்பு" என்று கணினியிடம் சொல்கின்றன. ஆப்டிகல், கோஆக்சியல் இணைப்புகளில் மட்டும் எண்களோடு தாளமும் சேர்ந்தே பயணிக்கிறது. வாங்குகிற டேக் அதைப் பிரித்தெடுத்துச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும்.

எனவே வாசகரின் கேள்விக்குப் பதில், இல்லை. ரவுட்டரிலிருந்து வரும் கேபிளில் தாளமே வருவதில்லை, அதனால் அந்தக் கேபிள் அதைத் துல்லியமாக்கவும் முடியாது, கெடுக்கவும் முடியாது. எண்கள் ஒன்று முழுதாகச் சேரும், அல்லது பாட்டு நின்றுவிடும். "போட்டதும் குரல் பளிச்சென்று ஆனது" என்று சொல்பவர்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. செலவழித்த மனம் அப்படித்தான் கேட்கும். ஆனால் அதை அறிவியல் என்று சொல்லி விற்பது தாயத்து விற்பதற்குச் சமம், அதை நான் ஏற்கவே மாட்டேன். சந்தேகம் இருந்தால் எந்தக் கேபிள் மாட்டியிருக்கிறது என்று தெரியாமல், யாரையாவது மாற்றி மாற்றிப் போடச் சொல்லி இருபது முறை கேட்டுப் பாருங்கள்.

உண்மையிலேயே காதுக்குத் தெரிகிற மாற்றம் வேண்டுமானால் ஸ்பீக்கரை நகர்த்துங்கள். சுவரை ஒட்டியிருந்தால் ஓரடி முன்னால் இழுங்கள். அடித்தொனியின் குமுறல் அப்போதே குறையும். இரண்டு ஸ்பீக்கர்களும் நீங்களும் ஏறக்குறைய சமபக்க முக்கோணமாக இருக்கட்டும். ஸ்ட்ரீமரின் சத்தத்தை உச்சத்தில் வைத்துவிட்டு, கூட்டுவதையும் குறைப்பதையும் ஆம்ப்ளிஃபயரில் செய்யுங்கள். இரண்டு சேவைகளை ஒப்பிடும்போது இரண்டும் ஒரே சத்தத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். துளி சத்தம் கூடியது எதுவானாலும் நமக்கு நல்லதாகத்தான் கேட்கும்.

அப்புறம், முதல் பாட்டு ஓடும்போது கேபிளை ஒரு முறை பிடுங்கிப் பாருங்கள். உங்கள் பெட்டி எத்தனை நொடி தாக்குப் பிடித்தது என்று எனக்கு எழுதுங்கள்.